கினுவின் செருப்பு கடலைப் பார்த்த கதை

அந்தக் காலத்தில், செருப்புக்கும் வாய் இருந்த காலத்தில், ஜப்பான் கடற்கரையில் தோமே என்றொரு மாமியார் இருந்தாள். மனசு தங்கம்தான். வாயைத் திறந்தால் மட்டும் ஊரே கூடிவிடும்.

அங்கே யாரும் செருப்போடு வீட்டுக்குள் ஏறமாட்டார்கள். வாசலில் கழற்றிவிட்ட வைக்கோல் செருப்புகள் எல்லாம் வீட்டுப் பக்கமே பார்த்துக் கிடக்கும். "நாள் முழுக்கச் சேற்றில் உழல்கிறோம், ராத்திரி அடுப்பையாவது பார்க்கிறோமே" என்பது அவற்றின் கட்சி.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து கினு மருமகளாக வந்தாள். அவளுடைய செருப்பு அதுவரை கடலையே பார்த்ததில்லை. பார்த்ததும் பைத்தியமாகிவிட்டது. "தாயே, என்னைக் கடல் பக்கம் திருப்பி வையேன்" என்று கெஞ்சும். கினுவும் தினமும் திருப்பி வைப்பாள்.

தோமேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்து ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள செருப்பு வெளியே பார்க்குதா? ஓடிப்போகப் பார்க்கிறியா?"

"ஐயோ, இல்லை அத்தை. அதுக்குக் கடலைப் பார்க்க ஆசை."

"ஆசையாம் ஆசை! நாளைக்கும் இப்படிக் கிடந்தா, அதைப் போட்டுக்கிட்டு உன் அப்பா வீட்டுக்கே போயிடு."

கினுவின் கணவன் யசுகே தலையைக் குனிந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். ஆம்பிளை!

கினு அழுதாள். அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. ஆனாலும் மறுநாள் மாலை செருப்பு கெஞ்சியபோது, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. திருப்பி வைத்தாள்.

அன்று சாப்பிடும்போது பூமி ஆடியது. ஆடி நின்றது. அப்பாடா என்று எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் செருப்பு அலறியது. "கினு! கடல் பின்னாலே போகுது! தரை தெரியுது, மீனெல்லாம் துடிக்குது!"

கினு பாய்ந்தாள். கால் நேராகச் செருப்புக்குள் போனது. தோமேயோ வீட்டைப் பார்த்துக் கிடந்த தன் செருப்பைத் திருப்பிப் போட முடியாமல் தடுமாறினாள். கினு அவளை அப்படியே முதுகில் ஏற்றிக்கொண்டு குன்றை நோக்கி ஓடினாள், யசுகே பின்னால் ஓடினான். வழியெல்லாம் செருப்பு கத்தியது: "மேலே ஏறுங்க! மேலே ஏறுங்க!" தெருவில் இருந்த செருப்பெல்லாம் சேர்ந்து கத்தின. ஊரே குன்றில் ஏறிவிட்டது. அலை வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

விடிந்தபோது எந்தச் செருப்புக்கும் குரல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

தோமே கினுவின் செருப்பிலிருந்த சேற்றைத் தன் கிமோனோ கையால் துடைத்தாள். "உன்னைத் துரத்தப் பார்த்தேனே, பாவி நான்" என்று விம்மினாள்.

குன்றின்மேல் புது வீடு எழும்பியது. முதல் மாலை தோமே வாசலில் மண்டியிட்டு, எல்லாருடைய செருப்பையும் வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"எதுக்கம்மா?" என்றான் யசுகே.

"அதுங்களுக்கு இனிமே கத்த வராதுடா. காலாவது சட்டுனு நுழையட்டும்."

அன்று முதல்தான் ஜப்பானில், விருந்தாளியின் செருப்பாக இருந்தாலும், வீட்டுக்காரர் குனிந்து அதை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார், பத்திரமாகப் போய்வரட்டும் என்று.