மஞ்சள் கயாக்கில் ஏற்றியவை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவர் பாதியைக் கரையிலிருந்து பார்த்தவர். மீதியைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் எனக்கு நிச்சயமில்லாத இடங்களை விட்டுவிட்டேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன வள்ளம் கரையேறும்போது, அதை இழுக்கக் கை வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கறிக்கு ஒரு மீன் கொடுத்துவிடுவார்கள். சும்மா அந்த வழியாகப் போனவன் கை வைத்தாலும் உண்டு. கை வைக்காதவனுக்கு இல்லை.

கில்பர்ட்டுக்கு ஆறு வருடமாக மீன் வந்துகொண்டிருந்தது. அவன் கை வைக்காத மீன்.

விசைப்படகில் வேலை பார்த்தபோது, வலை இழுக்கும் விஞ்சின் கயிறு சுற்றி அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்று விஞ்சின் பிடியில் இருந்தவன் தொபியாஸ். கூடப் படித்தவன், கூடவே கடலுக்குப் போனவன். "நிறுத்துலே" என்று கில்பர்ட் கத்தியது என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அடுத்த மாதமே தொபியாஸ் விசைப்படகை விட்டுவிட்டான். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை தைக்க ஆரம்பித்தான். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கில்பர்ட் வீட்டுக் கேட்டில் ஒரு பை தொங்கும். உள்ளே மீன் இருக்கும். யார் வைத்தது என்று அவன் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். மனைவி குழம்பு வைப்பாள், அவன் சாப்பிடுவான்.

மூடிப்போன ஒரு விடுதியின் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், மஞ்சள் நிறத்தில் ஒரு கயாக்கோடு திரும்பி வந்தான். உள்ளே இறங்கி உட்காரும் படகு இல்லை அது. கட்டுமரம் போல மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பால் மாறி மாறித் தள்ளிப் போவது. நிற்க வேண்டாம். அது போதும் அவனுக்கு.

கரையில் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் கடலுக்கடியில் ஒரு பார் இருக்கிறது. மீன் அடையும் பாறை. அதுவரை கயாக்கில் போக வேண்டும். தூண்டில் போட வேண்டும். பிறகு நங்கூரம் போட்டு, இறங்கி முங்கி, ஈட்டியால் மீன் குத்த வேண்டும். யாரையும் கைபிடிக்கச் சொல்லாமல் போய், யாரையும் கை வைக்கச் சொல்லாமல் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை நடந்தால்கூடப் போதும் என்று மனைவியிடம் சொன்னான்.

ஈட்டி குத்தத் தெரிந்தவள் அந்த ஊரில் ஜெனோவா. கில்பர்ட்டை விடப் பதினேழு வயது இளையவள். பாறையில் சிப்பி பெயர்த்தும், ரப்பரை இழுத்துவிட்டால் பாயும் ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்தியும் பிழைப்பவள். இரண்டு மாதம் அவளிடம் மூச்சடக்கப் பழகினான். இருக்கிற ஒரு காலில் நீச்சல் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு ஆள் ஆழம் போய்த் திரும்பினான்.

"என்னவே, ஆசான் வீட்டுக்கா?" என்று வழியில் கேட்பார்கள்.

"ஆமா" என்பான் கில்பர்ட். அதற்குமேல் கேலி ஓடாது.

ஒரு நாள் காலையில், கயாக்கைத் தயார் செய்து தண்ணீர் ஓரம் கொண்டுவந்து நிறுத்தி, ஜெனோவாவைக் கூப்பிட்டான். தூண்டில் கம்புகள் நிற்க நாலு பைப். ஈயக்கட்டியும் முள்ளும் போட்ட பெட்டி. ஐஸ் பெட்டி. நங்கூரம், ஈட்டித் துப்பாக்கி, முங்கும்போது மாட்டும் முகக்கண்ணாடி, இன்னொரு துடுப்பு, கத்தி, டார்ச், தண்ணீர், சோற்று டப்பா, ஊன்றுகோல். கயாக்கை உருட்டிப்போக அவனே செய்த இரண்டு சக்கர வண்டி. கடைசியில், இருக்கைக்குப் பின்னால், தண்ணீர் புகாத பையில் அவனுடைய செயற்கைக் கால்.

"பிள்ளே, இதுல இன்னும் என்ன குறை?"

ஜெனோவா குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தாள். "ஓட்டை எல்லாம் எங்க மாமா?"

"அடைச்சாச்சு. எட்டு ஓட்டை. இத வெச்சுக்கிட்டு அந்த விடுதிக்காரன் எப்படித்தான் ஆளை ஏத்தினானோ. செருப்பு ரப்பரை வெட்டி வெச்சுப் பசை போட்டிருக்கேன். இனி ஒரு சொட்டு ஏறாது."

"இடுப்பளவு தண்ணிக்குப் போங்க."

போனான்.

"கவிழுங்க."

"என்னது?"

"கவிழுங்க மாமா."

கவிழ்ந்தான். பெட்டி திறந்து ஈயமெல்லாம் மணலுக்குப் போனது. சோற்று டப்பா ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம், ஊன்றுகோல் ஒரு பக்கம் மிதந்தன. வள்ளத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"கடலுக்குச் சீதனம் கொண்டு போறான்லே" என்றான் ஒருவன்.

கில்பர்ட் கயாக்கை நிமிர்த்தினான். இருக்கைக் குழி முழுக்கத் தண்ணீர். மேலே ஏறியதும் அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிற்று. கயாக் அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி சாய்ந்தது. மூன்று முறை ஏறினான். மூன்று முறையும் விழுந்தான்.

ஜெனோவா தண்ணீரில் இறங்கி வந்தாள். கத்தி முனையால் ரப்பர் அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். குழியில் நின்ற தண்ணீர் சலசலவென்று ஓட்டை வழியே கடலுக்கே போய்விட்டது.

"ஏறாம இருக்க இது வள்ளமில்ல. ஏறும். ஏறினது போகணும்ல" என்றாள்.

எட்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டான். இப்போது எல்லாவற்றுக்கும் கயிறு. பெட்டிக்கு ஒரு கயிறு, துப்பாக்கிக்கு ஒரு கயிறு, டப்பாவுக்குக்கூட ஒன்று. மீனவன் போடும் முடிச்சு, இழுத்தால் இறுகும்.

"கடலே வந்து கேட்டாலும் ஒண்ணும் போகாது. இன்னும் என்ன குறை?"

"கவிழுங்க."

கவிழ்ந்தான். ஒன்றும் போகவில்லை. அவனும் மேலே வரவில்லை.

நங்கூரக் கயிறு அவன் தொடையில் வளையம் போட்டிருந்தது. துப்பாக்கிக் கயிறு தோளுக்குக் குறுக்கே. இழுக்க இழுக்க இறுகியது. பெட்டியைக் கையால் தடவினான். அதுவும் கட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அது ஒரு முழம் தூரம்தான்.

ஜெனோவா முங்கி இரண்டு கயிற்றை அறுத்தாள்.

அவன் வெளியே வந்து இருமி முடித்ததும் அவள் கேட்டாள். "கத்தி எங்க?"

"பெட்டிக்குள்ள."

"பெட்டி?"

"கட்டியிருக்கேன்."

கில்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான். தொபியாஸ் சட்டையோடும் வேட்டியோடும் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். வலை தைக்கும் ஊசி இன்னும் கையில் இருந்தது. கில்பர்ட் பார்ப்பதைக் கண்டதும் திரும்பிக் கரைக்கு நடந்தான்.

"அவன் எதுக்கு இறங்கினான்?"

"அவருகிட்டக் கேளுங்க."

கேட்கவில்லை. கயாக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"இன்னைக்குப் போதும். ஒரு வாரம் கழிச்சுப் பாப்போமா?" என்றாள் ஜெனோவா.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றான் கில்பர்ட்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "நான் வேண்டாம். ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க. இது போயிட்டா நான் என்ன ஆவேன்? இது போகவே இல்லேன்னா நான் என்ன ஆவேன்? பதில் வந்த பிறகு கட்டுங்க."

இருபத்திரண்டு நாள் தினமும் கவிழ்ந்தான். முதலில் பார்த்துச் சிரித்தவர்களுக்குச் சலித்துவிட்டது. அவனுக்குச் சலிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கயாக்கிலிருந்து வீட்டுக்குப் போயிற்று. நாலு பைப்பில் ஒன்று மிஞ்சியது. ஐஸ் பெட்டிக்குப் பதில் ஒரு நனைந்த சாக்கு. சக்கர வண்டி கரையிலேயே நின்றது. டார்ச் போயிற்று, பகலில் திரும்பிவிடுகிறவனுக்கு அது எதற்கு. துடுப்பைக் குட்டைக் கயிறால் கயாக்கில் பூட்டினான். துடுப்பு போனால் அவனும் கடலோடு போவான். நங்கூரக் கயிற்றின் நுனியில் ஒரு மிதவை கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி செய்தான். துப்பாக்கியைக் கயாக்கில் கட்டாமல் தனி மிதவையில் கட்டினான். குத்துப்பட்ட மீன் இழுத்தால் மிதவையை இழுத்துக்கொண்டு போகட்டும், அவனை இல்லை. கத்தி அவனுடைய முன்கைக்கு வந்தது. கழுத்தில் ஒரு விசில்.

கவிழ்ந்து மறுபடி ஏற, முதல் நாள் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ண ஆளில்லை. கடைசி நாள் அவனே எண்ணினான். பதினெட்டு எண்ணும்போது மேலே உட்கார்ந்திருந்தான்.

கார்த்திகை முதல் வாரம். கடல் அடங்கிக் கிடந்தது. ஜெனோவாவை வரச் சொன்னான்.

"இன்னைக்குப் பாருக்குப் போறேன். சொல்லு பிள்ளே. இன்னும் என்ன குறை?"

அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். நங்கூர முடிச்சை இழுத்தாள், கழன்றது. திரும்பப் போட்டாள். கவிழச் சொல்லவில்லை.

"ஒண்ணு கூடுதல். ஒண்ணு குறைச்சல்" என்றாள்.

"கூடுதல் எது?"

அவள் இருக்கைக்குப் பின்னால் கட்டியிருந்த பையை அவிழ்த்து எடுத்தாள்.

"பிள்ளே, அது என் காலு."

"கடல்ல நடக்கவா போறீங்க?"

"திரும்பி வந்து நடக்க. இங்க வந்து இறங்கினதும் மாட்டிட்டு நானே இழுத்துட்டுப் போயிருவேன். யாரையும் கூப்பிட மாட்டேன். ஆறு வருசம் கை வைக்காத மீனைத் தின்னாச்சு. எனக்கு இனி ஒருத்தன் கை வேண்டாம். அதுக்குத்தான் இவ்வளவும். தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"ரெண்டு கேள்வியும் கேட்டுத்தான் அதைக் கட்டினேன்."

"யாரு காதுல விழுற மாதிரி கேட்டீங்க? உங்க காதுல மட்டும்தானே?"

பதிலுக்கு நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஏறி நடந்தாள். வலை விரித்துத் தைத்துக்கொண்டிருந்த தொபியாஸின் முன்னால் நின்றாள். குனிந்து ஏதோ சொன்னாள். பையை அவன் மடியில், வலைக்கு மேலே வைத்தாள். தொபியாஸ் ஊசியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

அவள் திரும்பி வரும்வரை கில்பர்ட் துடுப்பை மடிமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இத்தனை பேர் இருக்கிற கரையில அவன்தான் கிடைச்சானா?"

"ஆமா."

"சரி. குறைச்சல் எது? அதையாவது சொல்லு."

"அதையும் அங்கதான் வெச்சுட்டு வந்திருக்கேன்."

அலை ஒன்று வந்து கயாக்கைத் தூக்கி வைத்தது. இருக்கையில் ஏறிய தண்ணீர் ஓட்டை வழியே இறங்கியது.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"பத்து மணிக்கு வருவார்னு சொன்னேன். வரலேன்னா தேட கரையில ஒரு ஆள் வேணும்ல."

"பத்து தாண்டி நான் வரலேன்னு வெச்சுக்கோ. எனக்கென்னன்னு வலையைச் சுருட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்னா?"

ஜெனோவா கயாக்கின் பின்முனையில் கை வைத்தாள்.

"உங்க காலு அவரு மடியில இருக்கு மாமா. எப்படி எந்திரிச்சுப் போவாரு?"

அவள் தள்ளினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவன் திரும்பியது பத்து இருபதுக்கு. சாக்கில் இரண்டு மீன். தூண்டிலில் வந்த விளமீன் ஒன்று, ஈட்டியில் குத்திய களவா ஒன்று. தொபியாஸ் பத்து மணிக்கே எழுந்துவிட்டிருந்தான். போகவில்லை. பையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கயாக் பக்கத்தில் வந்ததும் இன்னொரு கையை அதன் முனையில் வைத்தான்.

கில்பர்ட் அந்தக் கையைப் பார்த்தான். சாக்குக்குள் கைவிட்டுக் களவாவை எடுத்தான். மீனை வாங்கத் தொபியாஸுக்கு ஒரு கையும் மிச்சமில்லை. ஆகவே கில்பர்ட் முதலில் தன் காலை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு மீனைக் கொடுத்தான்.

"பிடிலே" என்றான்.

எனக்கு இதைச் சொன்னவர் தொபியாஸ்தான். அந்த இருபது நிமிடமும் தோள் விட்டுப்போயிற்று, அந்தக் கால் நாலு கிலோவுக்குக் குறையாது என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. போன மாதம் கில்பர்ட்டிடம் கேட்டு வாங்கி, மீன் ஏலம் போடும் இடத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். பையோடு சேர்த்து ஒரு கிலோ எண்ணூறு கிராம்.