வாசல் வைக்காத கூடு

ஏரிக்கரைக் கருவேலமரத்துக்குத் தூக்கணாங்குருவிகள் வந்திறங்கின. மற்றவை இடம் தேடிக்கொண்டிருந்தபோதே செம்பட்டை என்ற ஆண்குருவியின் கூடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கெட்டிக்காரன். அவன் போட்ட முடிச்சை ஆடிக்காற்றும் அவிழ்த்ததில்லை.

ஒரே குறை. எதையும் முடிவு செய்யத் தெரியாது.

அவன் மனைவி தவிட்டி முட்டையிட்டுவிட்டாள். கீழே தொங்கும் குழாய் வாசல்தான் பாக்கி. அந்த நீளக் குழாய் இருந்தால் காக்கை உள்ளே மூக்கை நுழைக்க முடியாது. இல்லாவிட்டால் முடியும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரம் பார்த்து மற்றக் குருவிகள் கூடி வந்தன.

"அண்ணே! போன வருஷம் ஆளாளுக்கு இஷ்டப்படி கட்டினோம். காற்றடித்ததும் கூடும் கூடும் மோதி, பாதி ஏரியில் விழுந்தது. இந்த வருஷம் மரம் முழுவதையும் பார்த்து, யார் எந்தக் கிளையில் கட்டுவது என்று ஒருவர் சொல்ல வேண்டும். நீங்கள் உச்சிக்கிளையில் உட்காருங்கள்!"

"நார் கிழிக்க வேண்டாமா?"

"தொடவே வேண்டாம்! சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் கூட்டுக்கு நாங்கள் இன்றைக்கே வாசல் வைத்துவிடுகிறோம்."

"வேண்டாம் என்றால்?"

"வேறு ஆளைப் பார்ப்போம். நீங்கள் உங்கள் கூட்டைக் கட்டுங்கள்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? செம்பட்டைக்குத் தலை சுற்றியது.

உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்து பார்த்தான். காற்று எங்கே நுழைகிறது, எந்தக் கிளை வளையும், எல்லாம் தெரிந்தது. "அடடா!" என்றான். கீழே ஒருவன் முடிச்சைத் தப்பாக இழுத்தான். செம்பட்டைக்கு அலகு அரித்தது. இறங்கி ஓடி, கரும்புத் தோகையில் பச்சை நார் ஒன்றைக் கிழித்தான். பாதி வழியில், 'உச்சியை விட்டுவிட்டோமோ?' என்று தோன்றியது. மறுபடி ஏறினான். வாயிலிருந்த நார் வெயிலில் காய்ந்து ஒடிந்தது. காய்ந்த நாரில் முடிச்சு விழாது. இது அவனுக்கும் தெரியும்.

"என்னங்க இது, ஏறுறதும் இறங்குறதுமா?" என்றாள் தவிட்டி.

"யோசிக்கிறேன்! உச்சியில் உட்கார்ந்தால் பெரிய ஆள். ஆனால் நாரைத் தொடாவிட்டால் நான் தூக்கணாங்குருவியா?"

"தொட்டாலும் குருவிதான், தொடாவிட்டாலும் குருவிதான். முட்டை காத்திருக்காது. வாசல் வேணும்!"

அவள் சொன்னதைக் கேட்டானா? இல்லை. புளியமரத்துக் காக்கையிடம் போனான்.

"காக்கா அண்ணே! நீங்கள் நாலு இடம் போய் வருகிறவர். உச்சியா, நாரா? சொல்லுங்கள்!"

காக்கை முதலில் அவன் கூட்டைப் பார்த்தது. அப்புறம்தான் அவனைப் பார்த்தது.

"பெரிய விஷயம், தம்பி! உச்சிக்குப் போனால் முடிச்சுப் போடுவது மறந்துபோகுமே?"

"அப்படியானால் நாரே போதுமா?"

"அதெப்படி? காலம் பூராவும் நார் கிழித்தே சாவாயா?"

"அப்போது உச்சி?"

"அவசரப்படாதே! நன்றாக யோசி. நாளைக்கு வா, பேசுவோம்."

கருவேலமரத்தில் குருவிகள் அவன் முடிவு என்ன என்று கேட்டன. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றான். மறுநாளும் காக்கையிடம் போனான். அதே கேள்வி. அதே பதில்.

"நீ இங்கேயே உட்கார்ந்து யோசி, தம்பி. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்" என்று காக்கை பறந்தது.

செம்பட்டை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். உச்சி. நார். உச்சி. நார்.

அந்நேரம் தவிட்டி இரை தேடப் போயிருந்தாள். அவள் திரும்பியபோது கூட்டில் ஓடுதான் கிடந்தது.

அவள் அழவில்லை. செம்பட்டை வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "யோசிச்சு முடிச்சாச்சா?" பறந்துவிட்டாள். வேறொருவன் கட்டிய கூட்டுக்கு.

குருவிகளும் காத்துக் காத்துச் சலித்து, உச்சிக்கிளையில் இன்னொருவனை உட்கார வைத்துவிட்டன.

செம்பட்டை புளியமரத்துக்குப் பாய்ந்தான். காக்கை கிளையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அடப் பாவி! உன்னை நம்பித்தானே யோசனை கேட்டேன்!"

"கேட்டாய். சொன்னேன்."

"இப்போதாவது உண்மையைச் சொல்! நான் எதை எடுத்திருக்க வேண்டும்? உச்சியா, நாரா?"

காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னுமா? மடையா, நீ எதை எடுத்திருந்தாலும் அன்றைக்கே கூட்டுக்கு வாசல் வந்திருக்கும். எனக்குத்தான் சாப்பாடு இருந்திருக்காது!"

நீ முடிவெடுக்காமல் இருந்தால் எவன் வயிறு நிறையுமோ, அவனிடம் போய் யோசனை கேட்காதே.