தணிகாசலம் சாரின் வலது கால்

மேனேஜர் தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கால் ஆடாமல் இருக்காது. அன்றைக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டர் திறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த அஞ்சுகத்தைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"சர்வர் வயரை எவனோ பிடுங்குறான். சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

அஞ்சுகம் சர்வரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது அவர் மேஜைக்கு அடியில் போனது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆள் கிடைச்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"காலை ஒடிப்பேன்!"

"எல்லார் முன்னாடியும் சொல்றீங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

"சொன்னா சொன்னதுதான்!"

"அப்ப வலது காலைக் கொஞ்சம் நீட்டுங்க சார். வயர் இன்னும் உங்க செருப்பு வார்லதான் மாட்டியிருக்கு."

ஆபீஸே சிரித்தது. இப்போதெல்லாம் அவர் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார். ஃபோல்டரும் திறக்கிறது, அஞ்சுகமும் வேலைக்கு வருகிறாள்.