பன்னிரண்டடித் தாய்மாமன்

ஒருவர் தனியாகச் செய்யும் தப்பை மூன்று பேர் கூடிப் பேசி, முறையாகச் செய்ய முடியும் என்று காட்டியவர்கள் எங்கள் ஊர் மின்னல் பிளெக்ஸ் கடைக்காரர்கள். தவசி, செல்லாண்டி, ராசாங்கம் என்று மூவரும் அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அதை வாங்கியது தவசிக்குக் கல்யாணமான வருஷம். அவர் மகள் இப்போது காலேஜ் போகிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஞ்சவர்ணம் கடைக்கு வந்தாள். மறுநாள் அவள் மகளுக்குக் காதுகுத்து.

"எங்கண்ணனோட ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. போன விசேஷத்துப் பேனர்ல அவரு படத்தைச் சின்னதாப் போட்டுட்டோம்னு கோவம். இப்பத்தான் வாரேன்னு சொல்லியிருக்காரு. பந்தல் வாசல்ல பன்னெண்டு அடிக்கு எங்கண்ணன் நிக்கணும். இல்லைன்னா அப்படியே திரும்பிருவாரு. தாய்மாமன் மடி இல்லாம எம்புள்ளைக்கு எப்படிக் காது குத்துறது?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூவருக்கும் கலங்கியது. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

அண்ணன் பூமிநாதனின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பன்னிரண்டு அடிக்குப் பெரிசாக்கினார்கள். மீசைக்குக் கீழே முழுக்கப் பச்சையானது. பிறகு திரையே இருண்டு போனது. மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சலீமுக்குப் போன் போட்டார்கள்.

"கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுண்ணே. வேற ஒண்ணு பஸ்ல குடுத்து விடுறேன். ஆனா உங்க பெட்டி ரொம்பப் பழசு. ரெண்டும் ஒத்துப்போகுமான்னு சந்தேகந்தான்" என்றார் சலீம்.

கார்டு வந்ததும் மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"புது மாட்டை வாங்கியாந்தா என்ன செய்யிறோம்? பழைய மாட்டுக்குப் பக்கத்துல கட்டிப் பழக்குறோம்ல?" என்றார் தவசி.

நியாயமாகப் பட்டது. கார்டைப் பெட்டியின் மேல் ஒரு மணி நேரம் வைத்தார்கள். சண்டை வந்தால் விலக்கிவிட ராசாங்கம் பக்கத்திலேயே நின்றார்.

சண்டை வரவில்லை. சலீமிடம் சொன்னார்கள். அவர், "சரி, கையில லேசாக் கரண்ட் இருக்கும். இரும்பைத் தொட்டுக்கிட்டு அப்புறம் கார்டைத் தொடுங்க" என்றார்.

ராசாங்கம் ஷட்டரைப் பிடித்தார். அவர் கையைச் செல்லாண்டி பிடித்தார். செல்லாண்டி கையைத் தவசி பிடித்தார். அப்படியும் கம்ப்யூட்டருக்கு இரண்டு முழம் எட்டவில்லை. பேனர் ஆச்சா என்று கேட்க வந்த பஞ்சவர்ணத்தையும் சங்கிலியில் சேர்த்து, அவள் கையாலேயே கார்டைச் சொருகினார்கள்.

கார்டில் இருந்த குட்டி ஃபேன் சுற்றியது. படம் மட்டும் வரவில்லை.

"பழைய பெட்டியில பவர் பத்தலண்ணே. அந்தக் கார்டு நிறைய இழுக்கும்" என்றார் சலீம்.

"ஏன் பத்தல? வர்ற கரண்டைத் தெருவே இழுத்தா நமக்கு எங்கிருந்து பத்தும்?" என்றார் செல்லாண்டி.

வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னார்கள். பஞ்சவர்ணத்தின் கண்ணீரைச் சொன்னதும் ஜனங்கள் மறுக்கவில்லை. சலூனில் மெஷினை நிறுத்தியதால் ஒருவர் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தார். தெருவே வியர்த்து ஒழுகியது. படம் வரவில்லை.

சலீம் குரல் தளர்ந்துவிட்டது. "தப்பு கார்டுல இருக்கா, பெட்டியில இருக்கான்னு முதல்ல தெரியணும். அந்தக் கார்டை வேற மெஷின்ல போட்டுப் பாருங்கண்ணே."

இது சுலபமான வேலை. டெய்லர் கடை தையல் மெஷினில் போட்டார்கள். ஊசி உடைந்தது. அடுத்து மாவு மில்லுக்குப் போனார்கள். அரைமணி கழித்துத் தவசியே சந்தோஷமாகப் போன் செய்தார்.

"கார்டு மேல தப்பே இல்ல, சலீமு. மாவு மெஷின்ல போட்டோம். மெஷின் ஜோரா ஓடுது."

"கார்டு எங்கண்ணே?"

"அதைத்தான் மல்லித்தூளுக்குள்ள தேடிக்கிட்டு இருக்கோம்."

சலீம் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பந்தல் வாசலில் பன்னிரண்டடி மரச்சட்டம் வெறுமையாக நின்றது. "என்னைய இப்படிக் கவுத்திட்டீகளே அண்ணே" என்று பஞ்சவர்ணம் மூவரிடமும் சொல்லித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் மேளம் கேட்டது. சீர்த்தட்டுகளோடு பூமிநாதன் வந்துகொண்டிருந்தார்.

"ஆளு இல்லாத இடத்துலதானே படம் வேணும்? ஆளே வாராருல்ல?" என்றார் ராசாங்கம்.

மூவரும் ஓடிப் போய் அவரை மறித்து, விஷயத்தைச் சொல்லி, ஏணி வைத்து ஏற்றி, கையையும் காலையும் சட்டத்தின் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினார்கள். பூமிநாதன் முதலில் முறைத்தார். பிறகு கீழே பார்த்தார். ஊரே அண்ணாந்து அவரைப் பார்த்தது. ஒரு பையன் பாலாபிஷேகம் செய்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தாயி பஞ்சவர்ணம், எனக்குப் பேனர் வச்சவுக நிறையப் பேரு. என்னையவே வச்சது நீ ஒருத்திதான்!" என்று அங்கிருந்தபடியே அழுதார். அவள் கீழே நின்று அழுதாள்.

காதுகுத்தும் ஆசாரி ஏணியில் ஏறினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்லாண்டி ஏறினார். மடிக்காகப் பூமிநாதனின் முழங்காலுக்குக் கீழே ஒரு பலகையைச் செருகி, நல்ல நேரத்துக்குள் இரண்டு காதும் குத்தியாகிவிட்டது.

பந்தி ஆரம்பித்ததும் பூமிநாதன் தன்னை இறக்கிவிடச் சொன்னார். மூவரும் சட்டத்தடியில் கூடினார்கள்.

"பேனரை அப்படியே இறக்கினா மடிப்பு விழும். சுருட்டித்தான் இறக்கணும்" என்றார் தவசி.

"தலையிலிருந்தா, காலிலிருந்தா?" என்றார் செல்லாண்டி.

இதில் மட்டும் மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மேலிருந்து பூமிநாதனே சத்தம் போட்டார்.

"காலிலிருந்து சுருட்டுங்கப்பா! மீசை கசங்கிறப் போகுது!"