பதினெட்டாம் துறை

சுடலைமணிக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு. தூத்துக்குடியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. தன்னைவிடப் பதினேழு வயது இளையவரை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போகிறாரே, மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நீலாம்பிகை அம்மாவோ அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்.

பாங்காக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, அம்மாவைப் பத்து நாள் சத்சங்கத்துக்கு அழைத்திருந்தன. பாய் விரிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அம்மா சுடலைமணியையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊரில் பாய் விரிக்க ஆளா கிடைக்காது? ஏன் கூட்டிப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அங்கேதான் சுடலைமணியின் மகள் இசக்கியம்மாள் இருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் தன்னோடு வேலை பார்த்த தாய்லாந்துக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனை ஊருக்குக் கூட்டி வந்து அப்பா வீட்டு வாசலில் நின்றாள். சுடலைமணி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். ஒரு மணி நேரம் நின்றாள். தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. பிறகு இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போவது கேட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு வேளைச் சோற்றைக்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அவர் வந்திருக்கும் செய்தியைச் சத்சங்கம் நடந்த வீட்டுக்காரர்கள் இசக்கிக்குச் சொல்லியிருந்தார்கள். அவளிடமிருந்து இரண்டு வரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். ஆற்றுப் படகில் பதினெட்டாம் எண் துறை, பின்னால் இரண்டாவது வீடு. வாருங்கள் என்ற சொல் அதில் இல்லை. வராதீர்கள் என்றும் இல்லை. சுடலைமணி அந்த இரண்டு வரியையும் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தார். எத்தனை தடவை படித்தாலும் இரண்டு வரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

“நான் போய் நின்னா அவ கதவத் தொறப்பாளா, அம்மா?”

அம்மா துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒங்களுக்கு வேலை ஒண்ணும் இல்ல. ஆத்துல ஒரு நாள் சுத்திட்டு வாங்க, அண்ணாச்சி. தனியாப் போங்க. சாயங்காலம் பேசுவோம்.”

இது தன் கேள்விக்குப் பதிலா என்று சுடலைமணிக்கு விளங்கவில்லை. ஆனால் மகள் வீட்டுக்குப் போ என்று அம்மா சொல்லாமல் விட்டதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலோடு கிளம்பினார்.

படகு நீளமாக, கூரை தணிந்து இருந்தது. ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஏறி இறங்குவது பின்னால். அங்கே ஒரு பெண் வாயில் விசிலோடு நின்றாள். ஓட்டுகிறவருக்குப் படகின் பின்பக்கம் தெரியாது. அவள் ஊதுகிற ஊதலைக் கேட்டே அவர் படகைத் துறையோடு அணைத்தார். துறை நெருங்கியதும் அவள் ஒரு கயிற்றை முளையில் ஒரு சுற்றுப் போட்டு, நுனியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஜனங்கள் கால் வைத்துத் தாண்டினார்கள். உடனே இன்னொரு விசில், படகு போயிற்று.

சுடலைமணிக்கு இது பொறுக்கவில்லை. காரணம் இருந்தது. துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற கூட்டத்தின் தலைவராக இருந்தவர் அவர். கப்பல் அணைந்தால் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று ஆறு கயிறாவது விழ வேண்டும். ஆறும் இறுகிய பிறகுதான் ஏணி இறங்கும். ஏணிக்குக் கீழே வலை கட்டுவார்கள். அதற்கு அப்புறம்தான் மனிதன் காலை வைக்கலாம். அவசரப்பட்ட கேப்டன்களையே அவர் அதட்டி மேலே அனுப்பியிருக்கிறார். இங்கே என்னடாவென்றால், ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி ஒற்றைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை சனத்தை இறக்குகிறார்கள்.

ஆனாலும் ஆறு அவரை அமைதியாக்கியது. பழுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தது. வயிறு நிறைந்த நாலு பெரிய தோணிகளை ஒரு சுண்டைக்காய்ப் படகு முக்கி முக்கி இழுத்துப் போனது. பீங்கான் துண்டுகளைப் பதித்துக் கட்டிய கோபுரம் ஒன்று கரையில் நின்றது. கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் நின்ற காவித்துணிச் சாமியார் அவரைப் பார்த்துச் சிரித்தார். சுடலைமணியும் சிரித்தார். இந்த ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

வழியில் ஒரு துறையில் மல்லிகை மணந்தது. கரையெல்லாம் பூச்சந்தை. மகள் வீட்டுக்கு வெறும் கையோடு போகிறோமே என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே இறங்கிவிட்டார். தொடுத்த மல்லிகை நாலு முழம் வாங்கி, வாழையிலையில் கட்டிக்கொண்டு அடுத்த படகில் ஏறினார்.

பதினெட்டாம் எண் பலகை தெரிந்ததும் எழுந்து பின்பக்கம் போனார். விசில் ஊதியது. படகு அணைந்தது. துறையின் கம்பியோரம் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். பின்னல் இல்லை; முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள்.

இசக்கிதான்.

சுடலைமணி கயிற்றைப் பார்த்தார். ஒரே சுற்று. நுனி விசில்காரியின் கையில். கட்டட்டும், இறங்கலாம் என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. துறைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகன்றது. அவருக்கு முன்னால் நின்ற பருமனான ஆளின் தோள் மறைத்ததால் மகள் அவரைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது இறங்கிக்கொள்வோம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். கடைசித் துறையில் ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீ குடித்தார். ஜனங்கள் மீனுக்குப் பொரி போடுவதைப் பார்த்தார். திரும்பும் படகில் ஏறினார்.

அவள் இன்னும் அங்கேயே இருந்தாள். நிழல் பார்த்துக் கீழே உட்கார்ந்திருந்தாள். படகின் சத்தம் கேட்டதும் எழுந்தாள். கயிறு ஒரு சுற்றுத்தான். சுடலைமணி தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். அறுபத்து மூன்று வயதில் பெற்ற மகளுக்குப் பயந்து தூணுக்குப் பின்னால் நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிரக் கால் நகரவில்லை.

பாதி வழியில் இறங்கி மறுபடி மேலே போகிற படகில் ஏறினார். பதினெட்டில் இசக்கி கம்பியோரம் நின்று, முதலில் இறங்கியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் ஒரு காலை விளிம்பிலேயே வைத்துவிட்டார். விசில்காரி அவர் முழங்கையைத் தொட்டு, இறங்கு என்று ஜாடை காட்டினாள். அவர் கயிற்றையும் முளையையும் காட்டி, “கெட்டு, நல்லாக் கெட்டு” என்றார் தமிழில். அவள் சிரித்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, விசிலை ஊதினாள்.

நாலாம் முறை அந்தத் துறையைக் கடக்கையில் சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டார். அவள் இருந்தாளா, போய்விட்டாளா, தெரியாது.

அவர் வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது, வெளிச்சம் போகவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். சுடலைமணி தோணிகளைச் சொன்னார், கோபுரத்தைச் சொன்னார், சாமியார் சிரித்ததைச் சொன்னார். கயிற்றைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். இந்த ஊரில் ஒரு படகைக்கூட ஒருவரும் ஒழுங்காகக் கட்டுவதில்லை என்றும், நம் துறைமுகமாக இருந்தால் இதற்கெல்லாம் சீட்டைக் கிழித்திருப்பார்கள் என்றும் குரல் உயர்த்திப் பேசினார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

“பதினெட்டுல?”

“அங்கயும் கெட்டல, அம்மா. எப்படி எறங்க?”

“இந்தப் பூ எங்க வாங்கினிய?”

“பூச்சந்தைத் துறையில.”

“அங்க கெட்டினாங்களா?”

சுடலைமணி பூப்பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“அவளப் பாத்தேன், அம்மா. மூணு தடவை பாத்தேன். எறங்கல.”

அம்மா இன்னொரு கீரைத் தண்டைக் கையில் எடுத்தார்.

“அன்னைக்கு நான் தாப்பாப் போட்டேன். இன்னைக்கு அவ போட்டுட்டா? வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, எம் மூஞ்சிக்கு முன்னால கதவச் சாத்திட்டா? அதுக்கப்புறம் நான் எங்க போவேன்?”

“அவ எப்படி நின்னா? பாத்தத அப்படியே சொல்லுங்க.”

“கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. இடுப்புல புள்ள. ஒரு வயசு இருக்கும். அப்படி ஒரு புள்ள இருக்கதே எனக்குத் தெரியாது. வீட்டுச் சாவிய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ அதப் புடுங்கல. படகையே பாத்துக்கிட்டு இருந்தா.”

அம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துச் சுடலைமணியின் மடியில் வைத்தார்.

“வீட்டப் பூட்டிட்டு வந்து நிக்கா, அண்ணாச்சி. நீங்க எந்தக் கதவக் கேக்கிய?”