சருகு என்று சொல்லி அக்கரை போன நாவற்பழம்

ஆற்றுக்கு இக்கரைக் காட்டில் ஒரு கரடி இருந்தது. பத்துக் கூடை நாவற்பழம் பறித்து வைத்திருந்தது. அதை அக்கரைக் காட்டில் கொடுத்துக் கிழங்கு வாங்கி வர வேண்டும். மழை தொடங்கிவிட்டால் ஆறு கடக்க முடியாது. குகையில் மூன்று குட்டிகள். தின்ன ஒன்றும் இல்லை.

படகுத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கூடைக்குள் என்ன இருக்கிறது என்று ஓலையில் எழுதி, சரக்குக்காரர் அதில் பாதம் பதிக்க வேண்டும். பழம் என்றால் அக்கரையில் காவல் இருக்கும் கீரி நிறுத்தி வைக்கும். கூடைக்கு ஒரு பழம் பிளந்து, புழு இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கு அரை நாள் ஆகும்.

“அரை நாளா!” என்று கரடி உறுமியது.

ஓலை எழுதும் நரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “அண்ணே, ஏன் வெயிலில் நிற்கிறீர்கள்? பழம் என்று சொன்னால்தானே தொல்லை! சருகு என்று எழுதுவோம். சருகை யாரும் பிளந்து பார்ப்பதில்லை.”

“மாட்டிக்கொண்டால்?”

“நான் எழுதி எந்த ஓலை மாட்டியிருக்கிறது? கூலி ஒரே ஒரு கூடைதான்!”

முன்னால் நின்ற அணில் திரும்பிப் பார்த்தது. “கரடியாரே, எனக்கும் பழம்தான். நிற்கத்தான் போகிறேன்.”

“உனக்கு வேறு வேலை இல்லை!” என்றது கரடி. ஓலையில் பாதத்தை அழுத்திப் பதித்தது. நரி தன் கூடையை முதலிலேயே தின்று முடித்தது. வழி சொல்கிறவனுக்கு ஒருநாளும் கால் வலிப்பதில்லை.

நரியும் கரடியோடு படகேறியது. அக்கரையில் கீரி ஓலையைப் படித்தது. “சருகா? அந்த வெயில் பாறையில் கூடையோடு வையுங்கள். மூன்று நாள் கிடக்கட்டும்!”

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதற்கு?”

“போன பருவத்தில் சருகுக்குள் தேள் வந்தது. எங்கள் முயல்களில் இரண்டு செத்தன. அன்றிலிருந்து இதுதான் விதி.”

கரடி நரியைத் தனியாக இழுத்துப் போனது. “இப்போது என்னடா செய்வது?”

“அட, இது எனக்கே புதுசு அண்ணே! வாயைத் திறக்காதீர்கள். ஓலை பொய் என்று தெரிந்தால் மூன்று பருவத்துக்குத் துறையில் கால் வைக்க விடமாட்டார்கள்.”

கரடி வாயைத் திறக்கவில்லை. கட்டுப் பிரிக்காமல் ஒன்பது கூடையையும் பாறையில் வைத்தது. அன்று மாலையே அணில் கிழங்கு மூட்டையோடு படகேறியது. இரண்டாம் நாள் பாறையில் ஊதா நிறத்தில் சாறு ஓடியது. மூன்றாம் நாள் குளவிகள் மொய்த்தன.

கீரி வந்து பார்த்தது. “என் ஆயுசில் சாறு வடிக்கும் சருகை இப்போதுதான் பார்க்கிறேன்!”

“நரிதான் யோசனை சொன்னான்!” என்று கரடி கத்தியது.

“இதில் இருப்பது யார் பாதம்?”

நரி நகத்தை நக்கிக்கொண்டே சொன்னது: “நான் யோசனைதான் சொன்னேன். பாதம் பதித்தது அண்ணன்!”

“முதல் நாளே வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் பழமாவது மிஞ்சியிருக்கும்” என்றது கீரி. அழுகிய கூடைகளை ஆற்றில் கொட்டியது. கரடிக்கு மூன்று பருவம் துறை மூடியது.

கரடி வெறுங்கையோடு குகைக்கு வந்தது. நடந்ததைக் கேட்ட பெண் கரடிக்கு ஆத்திரம் பொங்கியது. “அரை நாள் நிற்கக் கால் வலித்ததோ? இனி மழை முழுக்கக் கரையான் புற்றைத் தேடி நட!”

வெளியே முதல் தூறல் விழுந்தது. கரடி நடந்தது.

யோசனை எவன் சொன்னாலும் சரி, பொய்யில் பாதம் பதித்தவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.