ஆணி அடித்த பப்பாளி

டொக். டொக். டொக்.

சத்தம்தான் முதலில் வந்தது. மரங்கொத்தி ஒன்று காலையிலேயே எங்கோ வேலையைத் தொடங்கிவிட்டது என்று பப்பாளி நினைத்தாள். அடுத்த அடியில்தான் கொத்துப்படுவது தன் இடுப்பு என்று உறைத்தது. குனிந்து பார்த்தால் வீட்டுக்காரர் பிச்சையா நிற்கிறார். கையில் சுத்தியல்.

மரஞ்செடிகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாள் அது. மனுஷர்கள் அப்போதும் காதில் விழாத மாதிரிதான் இருந்தார்கள். தாமிரபரணிப் பக்கத்தில் ஒரு வீட்டுப் புறவாசல். அங்கே ஒரு தென்னை, ஒரு வாழை, இந்தப் பப்பாளி.

முளைவிட்ட நாளிலிருந்து அவள் தன்னைப் பெண் என்றுதான் அறிந்திருந்தாள். ஆனால் பூ வந்தபோது பெண்பூ மாதிரித் தண்டோடு ஒட்டி வரவில்லை. நீளமான காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கிற்று. பார்த்தவர்கள் எல்லாம், "இது ஆண் மரம்லா, காய்க்காது. ஒரு ஆணியை இறக்கும் வே, தானா வழிக்கு வரும்" என்று பிச்சையாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஆணியை இறக்கிவிட்டார்.

பால் வடிந்தது. "வலிக்குது" என்றாள் பப்பாளி.

"பொறுத்துக்கோலே. உன் நல்லதுக்குத்தான் அடிக்காரு" என்றார் தென்னை அண்ணாச்சி.

"ஏலேன்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. ஏட்டின்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்லுதேன்."

"பூவைப் பாத்தா ஏட்டி மாதிரியா இருக்கு? ஆணா பொண்ணா, ஒண்ணைச் சொல்லித் தொலை."

"நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்கதான் கேக்க மாட்டேங்கீங்க. அது கிடக்கட்டும், உங்க பாளையைப் பிளந்தா உள்ள என்ன இருக்கு? ஆண்பூவும் பெண்பூவும் ஒரே காம்புலதானே தொங்குது?"

தென்னை ஓலையைச் சரிசெய்துகொண்டார். "அது எங்க குடும்ப விஷயம்."

வாழை மதினிக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும்தான் மேல சீப்பு, கீழ ஆண்பூ. நான் மடலைப் போட்டு மூடியில்லா வச்சிருக்கேன்? கௌரவமான பொம்பளைக்கு அதான் அழகு. நீ ஊருக்கே தெரியத் தொங்கவிட்டுட்டு நியாயம் வேற பேசுத."

மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை. தின்று துப்பிய விதைகள், பிடுங்கி எறிந்த நாற்றுகள் எல்லாம் அங்கே விழுந்து, யாரும் நடாமலே வளர்ந்து, ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றன. சாயங்காலமானால் அங்கிருந்துதான் சிரிப்புச் சத்தம் வரும். தென்னை அந்தப் பக்கம் ஓலையைக் காட்டி, "உன் ஆளுங்க அங்க இருக்காங்க. போயிரேன்" என்பார்.

"வேர் இங்கல்லா இருக்கு" என்பாள் பப்பாளி.

பிச்சையா மனைவியிடம் சொல்லிவிட்டார். "ஆடி பிறக்கதுக்குள்ள காய்க்கலேன்னா வெட்டிப் போட்டுருவேன்."

"நிழலுக்கு நின்னுட்டுப் போகட்டுமே" என்றாள் இசக்கியம்மாள், அரிசி களைந்த தண்ணீரை மரத்தடியில் ஊற்றியபடி.

"ஒண்ணுக்கும் ஆகாத ஆண் மரத்தை வச்சுத் தீனி போடச் சொல்லுதியா?"

"நான் இத்தனை வருசமாப் போடலையா" என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் பப்பாளிக்கு இலை வெளுத்தது. ஆணி மட்டும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்லிற்று. "என்னை எதிரியா நினைக்காத. நான் மருந்து. எல்லாம் மனசுல இருக்கு. ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சா ஒழுங்காயிருவ."

ஆடிக்கு முன்னாலேயே காய் வந்தது. அதுவும் ஊரில் எந்தப் பப்பாளியும் காய்க்கிற மாதிரி இல்லை. அவளுடைய நீளக் காம்பின் நுனியில், கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆடிக்கொண்டு வந்தது.

அவ்வளவுதான். பிச்சையா தெருவையே கூட்டிவிட்டார். "ஒரே ஆணி. ஆளு திருந்திட்டான் பாத்தீரா வே?" மறுநாள் முதல் அக்கம்பக்கத்துப் புறவாசல்களில் எல்லாம் டொக் டொக் என்று கேட்க ஆரம்பித்தது.

"பாத்தியா, எல்லாம் என்னாலதான்" என்றது ஆணி.

"நீ இறங்கும்போதே பிஞ்சு பூவுக்குள்ள இருந்துது" என்றாள் பப்பாளி. "அது வராமப் போயிருந்தாலும் நான் இதேதான்."

"நன்றி கெட்ட ஜென்மம்" என்றது ஆணி.

முதல் பழத்தைப் பிச்சையா மச்சினன் கடைத் திறப்புக்குக் கொண்டுபோனார். விசேஷ மரத்துப் பழம், முதலில் வைத்தால் வியாபாரம் விளங்கும் என்று அங்கே எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்களாம். அதன் விதையை எடுத்து முன்வாசலில் ஒன்று போடலாமா என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, "அங்கயா? வாறவன் போறவன் என்ன நினைப்பான்?" என்றுவிட்டார்.

புறவாசலிலும் பேச்சு மாறிப்போயிற்று. "நான் அன்னைக்கே சொன்னேன், இது தங்கமான பிள்ளைன்னு" என்றார் தென்னை. "என் கன்னுங்களை இதுகிட்ட விளையாட விட்டவ நான்" என்றாள் வாழை. விட்டதே இல்லை. ஒரு பக்கக்கன்று பப்பாளிப் பக்கம் சாய்ந்ததற்கு ஒரு வாரம் வைது தீர்த்தவள் அவள்தான்.

காற்று நல்லபடியாக வீசிய ஒரு காலையில் இருவரும் சேர்ந்து அவளுக்குப் பாராட்டே நடத்தினார்கள். ஓலைகள் சலசலத்தன, வாழை இலைகள் படபடத்தன. கடைசியில் தென்னை கேட்டார்: "எங்களால ஆக வேண்டியது ஏதும் இருந்தாச் சொல்லு. கூச்சப்படாத."

"ரெண்டு காரியம்" என்றாள் பப்பாளி. "ஏட்டின்னு கூப்பிடுங்க. இந்த ஆணியைப் பிடுங்கணும்னு நீங்களும் என்கூடச் சேந்து கேளுங்க."

காற்று நின்றுவிட்டது. வாழை மடலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

தென்னை தொண்டையைச் செருமினார். "கூப்பிடலாம். ஆளில்லாத நேரமாப் பாத்துக் கூப்பிடலாம். ஆனா ஆணியைப் பிடுங்கினா, அடிச்சது தப்புன்னு ஆயிரும்லா? அவரு அடிக்கும்போது நாங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம். எங்க முகத்தை எங்க கொண்டு வைக்க?"

"துருப்பிடிச்சா தானா உதிர்ந்துரும். கொஞ்சம் பொறு" என்றாள் வாழை.

"நான் நல்ல இரும்பு" என்றது ஆணி.

அப்போது இசக்கியம்மாள் வாளி நிறையப் பிழிந்த துணியோடு வந்தாள். கொடி கட்டுவதற்கு இடம் தேடிச் சுற்றும்முற்றும் பார்த்தாள். பப்பாளியின் ஆணி கண்ணில் பட்டது. அசைத்துப் பார்த்தாள்; உறுதியாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். கொடிக்கயிற்றின் ஒரு நுனியைத் தென்னையில் சுற்றி, மறுநுனியை இழுத்து ஆணியில் முடிந்தாள்.

துணி ஏறஏறக் கயிறு கனத்தது. ஆணி கீழ்நோக்கி அழுத்தியது.

தென்னை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, இப்ப நாம சொந்தமாயிட்டோம் பாத்தியா" என்றார்.

பிச்சையாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதில் பப்பாளியின் உச்சிக் குருத்து வாட ஆரம்பித்திருந்தது. அவள் வேரை ஊன்றி, அதற்குத் தண்ணீர் ஏற்றத் தொடங்கினாள்.